சாவிக்கொத்தின் கனம்

இன்று காலை கார் சாவி திரும்பவே மாட்டேன் என்றது. பதற்றத்தில் முறுக்கியிருந்தால் உள்ளேயே முறிந்திருக்கும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்தபடி மெல்லத் திருப்பினேன், வந்துவிட்டது. ஸ்டியரிங் லாக்கில் அழுத்தம் இருந்தால் சாவி இப்படி அடம்பிடிக்கும்.

அப்புறம் சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெட்டுகளின் முனையெல்லாம் மழுங்கிப் பளபளத்தது. பூட்டுக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும். சாவி ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்கு நகர்த்தினால்தான் உருளை சுழலும். அவ்வளவு நுட்பமான இடத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாவற்றையும் தொங்கவிட்டிருக்கிறேனே! வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தக் கனம் பூட்டைத்தான் தேய்க்கிறது. உடனே கழற்றிவிட்டேன்.

தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள், தேய்மானமும் சேர்ந்தே வரும். சாவி எண்ணை, அதாவது வெட்டுகளின் அளவைச் சொல்லும் குறியீட்டை, கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். சிப் உள்ள சாவியென்றால் அதைக் காரில் பதிவு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு திரும்பும், ஆனால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு மின்னணு அமைப்பு எஞ்சினை ஓடவிடாது.

அந்தச் சிப்புக்குப் பொதுவாக பேட்டரி தேவையில்லை. பூட்டைச் சுற்றியுள்ள வளைய ஆன்டெனாவே அதற்கு மின்சாரம் தரும். அதனால் ரிமோட்டின் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்தாலும் வண்டி கிளம்பும்.

பூட்டு இறுகினால் சமையல் எண்ணெய் மட்டும் விடவே வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். கிராஃபைட் தூள் துளி போதும்.

ஒரு சாவியாவது கையில் இருக்கும்போதே மாற்றுச் சாவி ஒன்று செய்துவிடுங்கள். எல்லாச் சாவியும் தொலைந்தபின் செய்வது பெரும்பாடு.