பேரூராட்சி மன்றத்தில் ஒரு பூங்காவுக்குத் தீர்மானம் வாங்கிய அனுபவம்

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் பல வருடமாகச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. இப்போது அங்கே சுற்றுச்சுவர், நடைபாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சறுக்கு எல்லாம் வந்துவிட்டன. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்குப் பணத்தை நாங்கள் கட்டி, மீதியை அரசு கொடுத்து நடந்த வேலை. பேரூராட்சியில் இதை எப்படி நடத்தி முடித்தீர்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், தீர்மானம் கேட்கலாம். பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் அப்படிக் கிடையாது. தலைவரும் வார்டு உறுப்பினர்களும்தான் பேசுவார்கள். அதுவும் 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை மன்றமே இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம். அந்த வருடங்களில் நாங்கள் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் வந்த பதில் ஒன்றுதான்: ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.’ அந்த வரியைப் படித்துப் படித்து ஓய்ந்துபோன பெரியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஒரு உறுப்பினர் இல்லாத ஊரில் மனு எங்கே போகும், எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தேர்தல் முடிந்து மன்றம் வந்தது. அதே 2022-ல் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று நகர்ப்புறங்களிலும் பகுதி சபா கூட்டங்கள், அதாவது வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களிடம் குறை கேட்கும் கூட்டங்கள், தொடங்கின. பூங்கா விஷயத்தை நாங்கள் முதலில் வாய் திறந்து சொன்னது அப்படி ஒரு கூட்டத்தில்தான். கூட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு. வந்த பலரும் குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை என்று பேசிவிட்டுக் கிளம்பினார்கள். ஆனால் அங்கே சொன்னது எழுத்தில் பதிவானது. பின்னால் மன்றத்தில் ‘மக்கள் கேட்டார்களா?’ என்ற கேள்வி வந்தபோது அந்தப் பதிவு கைகொடுத்தது.

அடுத்து இடம். இந்த இடத்தில்தான் பல ஊர்களில் விஷயம் நின்றுபோகிறது. வரைபடத்தில் ‘பூங்கா’ என்று பச்சையாகக் காட்டியிருப்பதால் மட்டும் அந்த இடம் பேரூராட்சிக்குச் சொந்தமாகிவிடாது. அனுமதி பெற்ற பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கி, அதையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்திருக்க வேண்டும். சில இடங்களில் மனை போட்டவர் பதிந்து கொடுக்காமலே போயிருப்பார். சில இடங்களில் பதிந்தும் பேரூராட்சி சொத்துப் பதிவேட்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தோம். அதற்குக் கட்டணம் இல்லை. பேரூராட்சிச் செயல் அலுவலர் பெயருக்கு எழுதிய தானப் பத்திரம் பதிவாகியிருந்தது. அந்த ஆவண எண் கிடைத்த அன்று எங்களுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் பேரூராட்சிப் பதிவேட்டில் அந்த இடம் இல்லை. பத்திர நகலை இணைத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தனி மனு கொடுத்தோம். நில அளவர் வந்து கல் ஊன்றிக் காட்டியபோது ஓரத்தில் ஒரு வீட்டின் மாடிப்படி கொஞ்சம் உள்ளே வந்திருப்பது தெரிந்தது. அந்த வீட்டுக்காரரிடம் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினோம். அவரே இடித்துக்கொண்டார். அதிகாரி நோட்டீஸ் ஒட்டியிருந்தால் அது வழக்காகியிருக்கும் என்பது என் எண்ணம்.

நடுவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்தோம். மனு எண் கிடைத்தது. அது பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் அலுவலகம் போய், அங்கிருந்து எங்கள் பேரூராட்சிக்கே திரும்பி வந்தது. ‘மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படும்’ என்று பதில். அப்போதுதான் தெளிந்தது: எத்தனை படி ஏறினாலும் கடைசியில் மன்றத்தில் ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் போட்டால்தான் கோப்பு நகரும். அதற்குப் பிறகு மனு எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, எங்கள் விஷயத்தைக் கூட்டப்பொருளில் (அஜெண்டாவில்) ஏற்றுவது ஒன்றிலேயே நின்றோம்.

கூட்டப்பொருளை அலுவலகம்தான் தயாரிக்கும். எழுத்தர் குறிப்பு எழுதி, செயல் அலுவலர் பார்த்து, தலைவர் ஒப்புதலோடு கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் உறுப்பினர்களுக்குப் போகும். அந்தக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் தீர்மானமாக வரும். அதனால் அந்தக் குறிப்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் நாங்களே தொகுத்து ஒரே கட்டாகக் கொடுத்தோம்: சர்வே எண், தானப் பத்திர எண், வரைபடம், இடத்தின் போட்டோக்கள், பகுதி சபா பதிவு, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பங்களிப்புக் கடிதம். சங்கம் 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது, வங்கிக் கணக்கும் இருந்தது. அந்தப் பிரிவு எழுத்தர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இப்படிக் கொடுத்தா நாங்க ஏன் சார் லேட் பண்ணப் போறோம்?” என்றார். அவர் மேசையில் இருந்த கோப்புகளின் உயரத்தைப் பார்த்த யாருக்கும் அவர் மேல் கோபம் வராது.

மன்றக் கூட்டத்தைப் பார்வையாளராக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தடவையாவது எல்லோரும் பார்க்க வேண்டும். முதலில் மாத வரவு செலவு, பிறகு பிளீச்சிங் பவுடர் வாங்கியது, மோட்டார் பழுது பார்த்தது, குப்பை வண்டி டயர் மாற்றியது என்று ஒவ்வொரு பொருளாக இளநிலை உதவியாளர் வேகமாக வாசித்துக்கொண்டு போனார். எண் சொல்வதற்குள் “சரி, அடுத்தது” என்று குரல் வந்துவிடும். எங்கள் பொருள் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதை வாசித்ததும் இன்னொரு வார்டு உறுப்பினர் அக்கா கையைத் தூக்கினார். “எங்க வார்டுல சாக்கடையே இல்ல. இருக்கிறவங்க தெருவுக்குப் பூங்கா, எங்களுக்கு என்ன?” கூட்டத்தில் சலசலப்பு. எங்கள் வார்டு உறுப்பினர் தம்பி எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார், எடுபடவில்லை. பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே வந்ததும் எங்கள் சங்கத்தில் சிலருக்குக் கடுங்கோபம். கட்சிக் கணக்கு, பொறாமை என்றெல்லாம் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்த பிறகு நடந்த முதல் நகர்ப்புறத் தேர்தலில் ஜெயித்து வந்தவர் அவர். தன் வார்டுக்காகத்தான் கேட்டார். அதற்குத்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனோம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். “தம்பி, உங்களுக்குப் பூங்கா வேணாம்னு நான் சொல்லல. நாளைக்கு எங்க தெருவுல போய் நின்னா, அவங்க வார்டுக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?” என்றார்.

இரண்டு விஷயம் சொன்னோம். ‘நமக்கு நாமே’ நிதி தனியாக வருவது; பேரூராட்சிப் பொது நிதியில் சாக்கடைக்கு இருக்கும் பணத்தை அது தொடாது. அதை அவர் ஏற்றுக்கொண்டார், ஆனால் உடனே அடுத்த கேள்வி: “கட்டின பிறகு கரண்டு பில்லு, துப்புரவு? அது பொது நிதிதானே?” சரியான கேள்வி. அதற்கு எங்களிடம் எழுத்தில் பதில் இல்லை. இன்னொன்றும் கேட்டார். “கேட்டைப் பூட்டி உங்க தெருப் பிள்ளைங்க மட்டும்னு வெச்சிருவீங்களா?”

இந்தக் கேள்வி எங்கள் சங்கத்துக்குள் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பணம் போடுகிறோம், சாவி நம்மிடம்தான் இருக்க வேண்டும் என்றனர் சிலர். நான் அதைக் கடைசிவரை எதிர்த்தேன். இடம் பொது, பணத்தில் பெரும்பங்கு அரசுடையது. நம் பங்களிப்பு என்பது ஊருக்குக் கொடுப்பது, விலை கொடுத்து வாங்குவது அல்ல. பூட்டிய பூங்காவுக்காக நான் யார் வீட்டுப் படியும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு கூட்டம் போட்டு ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். பராமரிப்பைச் சங்கம் பார்த்துக்கொள்ளும், பூங்கா எல்லா வார்டு மக்களுக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கும் என்று இரண்டு வரி எழுதி, அதையும் கூட்டப்பொருளில் சேர்க்கக் கடிதம் கொடுத்தோம். அந்த அக்கா தெருவின் சாக்கடைக் கோரிக்கையிலும் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். அடுத்த கூட்டத்தில் எங்கள் பொருளை முன்மொழிந்தவரே அவர்தான்.

தீர்மானம் நிறைவேறியதும் தீர்மான எண், தேதியோடு நகல் வாங்கி வையுங்கள். கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். நகலில் திட்டத்தின் பெயர், சர்வே எண், மதிப்பீட்டுத் தொகை, மக்கள் பங்குத் தொகை நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊரில் இடையில் செயல் அலுவலர் மாறுதலாகிப் போனார். புதிதாக வந்த மேடத்துக்கு எங்களை யாரென்றே தெரியாது. தீர்மான நகலைக் காட்டியதும் கோப்பை எடுக்கச் சொன்னார்.

பணம் சேர்ப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. பொறியாளர் போடும் மதிப்பீட்டில் வேலைக்கான செலவோடு ஜிஎஸ்டி, தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் எல்லாம் சேரும். எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கணக்கிட்டது அந்த முழுத் தொகையில்தான். நாங்கள் மனதில் வைத்திருந்ததைவிட அதிகமாகவே வந்தது. மதிப்பீடு கையில் வரும் முன் வீட்டுக்கு இவ்வளவு என்று அறிவித்துவிடாதீர்கள். வாடகை வீட்டுக்காரர்களிடம் நாங்கள் கேட்கவில்லை. ஆனால் கொடுத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை வாரா வாரம் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். தொகையை வங்கி வரைவோலையாக (டிடி) எடுத்துப் பேரூராட்சியில் கட்டி ரசீது வாங்கினோம்.

நிர்வாக அனுமதி வந்த சந்தோஷத்தில் இருந்தபோது, 2024 மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பும் அதோடு நடத்தை விதிகளும் வந்தன. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-லேயே முடிந்துவிட்டாலும், ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடிந்து விதிகள் விலகும்வரை டெண்டர் விட முடியாது என்றார்கள். பணம் கொடுத்தவர்கள் “என்னாச்சு?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த மாதங்கள்தான் எனக்கு மிகக் கஷ்டமானவை. வரைவோலை ரசீதையும் அனுமதி ஆணையையும் குழுவில் போட்டு, தேர்தல் விதியையும் விளக்கி எழுதிக்கொண்டே இருந்தோம்.

ஜூனுக்குப் பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை கொடுத்து, வேலை தொடங்கியது. மதிப்பீட்டு நகல் எங்களிடம் இருந்ததால் வேலையைப் பார்க்க முடிந்தது. நடைபாதைக்குக் கல் பதிக்கும் முன் கீழே போட வேண்டிய ஜல்லிப் படுகை எவ்வளவு கனம் என்று அதில் இருக்கும். ஒரு நாள் காலையில் தெருவில் உள்ள ஓய்வுபெற்ற மேஸ்திரி ஐயா டேப்பை எடுத்துக்கொண்டு வந்து ஓரத்தில் தோண்டிப் பார்த்தார். ஒரு பக்கம் குறைவாக இருந்தது. ஒப்பந்தக்காரரிடம் சத்தம் போடவில்லை. இளநிலைப் பொறியாளரை வரச் சொல்லி அவரையே அளக்கச் சொன்னோம். அந்தப் பக்கம் மறுபடி ஜல்லி கொட்டி இடித்து இறுக்கினார்கள். முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறிவிட்ட பிறகு பேசிப் பிரயோஜனம் இல்லை. கல் பதித்து மூடும் முன் பார்த்துவிட வேண்டும்.

இன்னும் பாக்கி இருக்கிறது. கழிப்பறை மதிப்பீட்டில் இல்லை, தனியாகக் கேட்டிருக்கிறோம். மாலை நேரத்தில் அந்த அக்காவின் வார்டுப் பிள்ளைகளும் விளையாட வருகிறார்கள். அவர்கள் தெருச் சாக்கடைக்கு மதிப்பீடு தயாராகிறது, அதற்கான கூட்டப்பொருளில் நாங்களும் கூட நிற்கிறோம்.

இதைப் படிப்பவர்கள் யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், காலக்கணக்கைக் கவனியுங்கள். தேர்தல் எப்போது அறிவிக்கப்பட்டாலும் மறுபடியும் நடத்தை விதிகள் வரும். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. தீர்மானம், அனுமதி, டெண்டர் மூன்றும் அதற்குள் முடிய வேண்டுமென்றால் வில்லங்கம் பார்ப்பதையும் இடம் அளப்பதையும் இந்த மாதமே தொடங்குங்கள். உங்கள் வார்டு உறுப்பினரை அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்பே போய்ப் பாருங்கள்.