புரிஞ்சுதா என்று கேட்காத வகுப்பு

ஜூலை 15, திங்கள்

முதலாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல், அறிமுகத் தாள். பிளஸ் டூவில் படித்ததையே மறுபடி தொடுகிற பாடம் என்பதால் வகுப்பில் கொஞ்சம் அலட்சியம். நியூட்டனின் விதிகளைச் சொல்லச் சொன்னேன். ஒரே குரலில், கமா கூடப் பிசகாமல் வந்தது.

"புரிஞ்சுதா?"
"புரிஞ்சுது மேம்."
"டவுட்டு?"

பேச்சே இல்லை. இந்தப் "புரிஞ்சுதா"வை ஆசிரியர்கள் கேட்கவே கூடாது என்று யாராவது சுற்றறிக்கை விட்டால் நல்லது. கடைசி மணி நேரத்தில், பஸ்ஸுக்கு ஓடக் காத்திருக்கும் பிள்ளைகள் அதற்கு வேறென்ன பதில் சொல்வார்கள்?

ஜூலை 18, வியாழன்

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர், பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள்.

அவர் பார்த்தவை பள்ளி வகுப்புகள். எங்கள் வகுப்புக்கு மூன்று நொடி போதாது. கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது. தமிழ் வழியில் படித்து வந்த மாணவி அதைத் தமிழில் வாங்கி, யோசித்து, பதிலை ஆங்கிலமாக்கி, இலக்கணம் சரியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதற்குள் முன் பெஞ்சில் மெட்ரிகுலேஷன் பையன் பதில் சொல்லி முடித்துவிடுகிறான். அப்புறம் இந்தப் பெண் ஏன் கை தூக்கப் போகிறாள்? ஆசிரியர் ஓய்வறையில் "இந்த பேட்ச் ரொம்ப டல்" என்று பேசிக்கொள்கிறோம்.

ஜூலை 26, வெள்ளி

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூருக்கு மாணவர்களிடம் நல்ல பெயர் உண்டு. ஆனால் சூத்திரமே தேவைப்படாத, விசை பற்றிய எளிய கேள்விகளைக் கொடுத்தபோது பலர் தடுமாறினார்கள். 'நீங்கள் நடத்தியபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா' என்று ஒரு மாணவர் கேட்டாராம். 1991 வாக்கில் அவர் முறையை மாற்றினார். ஒரு கேள்வி, தனியாக யோசித்து ஒரு வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி வாக்கு.

இன்று அதைச் செய்தேன். வாக்குப் பதிய கருவி எதுவும் இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண், நெஞ்சோடு ஒட்டி அத்தனை விரல் காட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். கேள்வி இது: கல்லை நேராக மேலே எறிகிறோம். கையை விட்டுப் பிரிந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றை மறந்துவிடுங்கள். கல்லின் மேல் என்னென்ன விசை?

மேல்நோக்கி ஒரு விசை உண்டு என்றுதான் பெரும்பாலான விரல்கள் சொன்னன. விதியை ஒப்பித்த அதே பிள்ளைகள்.

"பக்கத்துல பேசுங்க. தமிழ்லயே பேசுங்க" என்றேன். எழுந்த இரைச்சலில் அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஜன்னலோரப் பெஞ்சில் காதில் விழுந்தது:

"கையதான் விட்டாச்சே, அப்புறம் யாருடி தள்றது?"
"தள்ளாம எப்படி மேல போகும்?"
"வேகம் இருக்குல்ல. அதான் குறைஞ்சுக்கிட்டே வருது."

நான் இதைச் சொல்லியிருந்தால் முடுக்கம், திசையன் என்று பத்து நிமிடம் ஆகியிருக்கும். இப்போதுதான் புரிந்துகொண்ட பெண்ணுக்கு, எங்கே சிக்கும் என்பது இன்னும் மறக்கவில்லை. எனக்கு அது மறந்து பல வருடம் ஆகிறது.

இரண்டாம் வாக்கில் ஈர்ப்பு விசை மட்டும் என்ற பதில் பக்கம் வகுப்பு சாய்ந்தது. ஒரு பையன் மட்டும் விடவில்லை. "உச்சியில ஒரு செகண்ட் நிக்குதே மேம், அப்ப விசை இல்லதானே?" விசையே இல்லையென்றால் கல் அங்கேயே நின்றிருக்கும், ஏன் கீழே வருகிறது என்று அவனிடமே திருப்பிக் கேட்டேன். மீதி வகுப்பு அதிலேயே போய்விட்டது. நன்றாகவே போனது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

"மேம், நீங்களே நடத்துங்க. அப்பதான் நல்லா புரியுது. நோட்ஸும் வேணும்." தூதாக வந்தவர்கள் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்.

2019இல் ஹார்வர்டிலேயே ஓர் ஆய்வு வந்தது. தாங்களே கணக்கைப் போட்டுப் பார்த்து, விவாதித்துப் படித்த மாணவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தவர்களும் அவர்கள்தான். சொற்பொழிவு சரளமாக ஓடும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். திணறும்போது எதுவுமே தெரியாத மாதிரி இருக்கும். இதை வகுப்பில் சொன்னேன். பாதி நம்பினார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 75 மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வில். அங்கே விதியை எழுதச் சொல்வார்களே தவிர, கல்லின் மேல் என்ன விசை என்று யாரும் கேட்பதில்லை. நோட்ஸை முன்கூட்டியே கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டேன். வகுப்பு நேரம் கேள்விக்கு.

போர்ஷன் எதுவரை வந்தது என்று சக ஆசிரியர் கேட்டார். 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சொற்பொழிவு மட்டும் நடந்த வகுப்புகளில் சுமார் 34 விழுக்காட்டினர் தோற்றிருந்தார்கள், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 22. இதைச் சொன்னால், "அதெல்லாம் சரி, எந்த யூனிட்?" என்பார். இரண்டாவது யூனிட் என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்டர்னல் வினாத்தாளில் ஒரு கேள்வியைச் செருகினேன்: லாரியும் மொபெட்டும் நேருக்கு நேர் மோதுகின்றன, எது எதன் மேல் அதிக விசை செலுத்துகிறது, ஏன்?

"இது சிலபஸ்ல எங்க வருது?" என்றார் துறைத்தலைவர். "மூணாவது விதி சார்." கையெழுத்துப் போட்டார்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற மூன்றாம் விதியை டூ மார்க்கில் அச்சுப் பிசகாமல் எழுதிய சிலர், இதில் லாரிதான் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் தமிழிலேயே எழுதியிருந்தாள்: விசை இரண்டுக்கும் ஒன்றுதான், மொபெட்டின் நிறை குறைவு, அதனால் அதற்கு முடுக்கம் அதிகம், அதனால்தான் அது நொறுங்குகிறது. முழு மதிப்பெண்.

அடுத்தது வேலை, ஆற்றல். இயற்பியலில், விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் அந்த விசை வேலை செய்ததாகக் கணக்கு. சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதரையில் ஒரே வேகத்தில் நடந்தால் அந்தச் சுமையின் மேல் செய்யப்படும் வேலை சுழி. கேள்வி தயார், ஆனால் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இந்த வகுப்பில் இருக்கிறார்கள். 'வேலை சுழி' என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. தசைகள் ஏன் களைக்கின்றன, உடல் செலவிடும் ஆற்றல் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். வியாழக்கிழமை விடுமுறை. உட்கார்ந்து எழுதலாம்.