மாங்கேணி ஓடையின் மறுகரை

ஐப்பசிப் பௌர்ணமியன்று சதுரகிரி மலைக்கோயிலில், சிவலிங்கத்தை அன்னத்தால் மூடி வழிபடும் அன்னாபிஷேகம் காண வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாள் ஆசை. முழங்கால் வலியால் ஓர் ஆண்டு, தங்கையின் பிரசவத்தால் ஓர் ஆண்டு எனத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்த அந்தப் பயணம், சில ஆண்டுகளுக்கு முன்பு, அவருக்கு 63 வயது நடந்துகொண்டிருந்தபோதுதான் கைகூடியது. அம்மா, தங்கை, நான் ஆகிய மூவரும் முதல் நாள் இரவே வத்திராயிருப்பில் உறவினர் வீட்டில் தங்கி, விடிவதற்குள் தாணிப்பாறை அடிவாரத்துக்கு வந்துவிட்டோம்.

வனத்துறையின் வாயில் ஏழு மணிக்குத்தான் திறக்கப்பட்டது. பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிளாஸ்டிக் பையும் தீப்பெட்டியும் இருக்கின்றனவா என்று பார்த்தே உள்ளே விட்டார்கள். அப்போதெல்லாம் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் ஆகியவற்றை ஒட்டிய நாள்களில் மட்டுமே அனுமதி இருந்தது. நண்பகலுக்குப் பிறகு ஏற முடியாது. மலையில் இரவு தங்கக் கூடாது. மழை வரும் என்று வானிலை அறிவிப்பு வந்தால் அந்த அனுமதியும் ரத்தாகிவிடும். என் தந்தையார் இளவயதில் தோளில் ஒரு போர்வையுடன் ஏறி மூன்று நாள் மேலேயே தங்கிவிட்டு வருவார் என்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆண்டவனைப் பார்க்க நேரம் குறித்துத் தருவதற்கு இவர்கள் யார் என்று வரிசையில் நின்றபடியே சற்று உரக்கப் பேசினேன். அங்கே நின்ற இளம் வனக்காவலர் பதில் சொல்லாமல், “அஞ்சு மணிக்குள்ள கீழ வந்துருங்க சார், அம்மாவை வச்சிருக்கீங்க” என்று மட்டும் சொன்னார். அன்று மாலைக்குள் அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படிப் பேசியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டு மே மாத அமாவாசையை ஒட்டி இம்மலைக்கு வந்திருந்த பக்தர்கள் திடீரென்று பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி, அவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். செய்தித்தாளில் அதைப் படித்து வருந்தியவர்களில் நானும் ஒருவன்தான். ஆயினும் படித்த செய்தி வேறு, அதே ஓடையில் கால் வைத்து நிற்கும்போது நெஞ்சில் இருக்க வேண்டிய நினைவு வேறு. நாங்கள் போன நாளுக்கு முந்தைய நான்கு நாள்களும் மழையே இல்லாததால், என் நெஞ்சில் அந்த நினைவு துளியும் இருக்கவில்லை.

காலையில் நாங்கள் கடந்தபோது மாங்கேணி ஓடை கணுக்கால் நனையும் அளவுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு. அம்மா குனிந்து ஒரு கை அள்ளிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, திரும்பும்போது இந்தத் தண்ணீரைச் செம்பில் பிடித்துப் பூஜை அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அதற்காகவே என் பாட்டி கொடுத்த சிறிய பித்தளைச் செம்பு ஒன்றை அவர் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏறியவர்களுக்கு அது தெரியும், ஏறாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. வழுக்குப் பாறையில் தங்கை ஒருமுறை கால் சறுக்கி விழப் போனாள். பின்னால் வந்த ஒரு முதியவர் தம் கைத்தடியைக் குறுக்கே நீட்டித் தாங்கிக்கொண்டார். கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடி கருப்பு என ஒவ்வோரிடத்திலும் அம்மாவை உட்காரவைத்து எழுப்பி, பகல் பன்னிரண்டரை மணிக்குச் சுந்தர மகாலிங்கத்தின் சந்நிதியை அடைந்தோம்.

சுந்தர மகாலிங்கம் சற்றே சாய்ந்த திருமேனி. பசுவின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த துறவியைக் கள்வன் என்று எண்ணி, பச்சைமால் என்னும் இடையன் கோலால் அடித்தான் என்றும், அடிபட்டவர் ஈசனே என்று தெரிந்து அவன் கலங்கிய வேளையில், இறைவன் அவனைத் தேற்றி அங்கேயே சாய்ந்த லிங்கமாக அமர்ந்தான் என்றும் தலபுராணம் சொல்கிறது. அறியாமல் அடித்தவனிடமே அன்பு காட்டிய அந்தச் சாய்வை அன்னத்தால் மூடிய கோலத்தில் கண்டோம். அம்மா நெடுநேரம் கைகளைக் கூப்பியபடி நின்றார். எதை வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. அங்கிருந்து சந்தன மகாலிங்கத்தையும் தரிசித்துவிட்டு, இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கினோம்.

பாதி வழி வந்திருப்போம், முதுகுக்குப் பின்னால், வெகு உயரத்தில், இடி உருளும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வருசநாட்டுப் பக்கத்து முகடுகள் கருத்துக் கிடந்தன. நாங்கள் நடந்த பாதையிலோ வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் மேல் ஒரு துளி விழவில்லை. மழை அந்தப் பக்கம்தான் பெய்கிறது, நமக்கு நல்ல காலம் என்று தங்கையிடம் சொன்னேன். மலையடிவாரத்துக்காரர்கள் அஞ்சுவது, தலைமேல் கொட்டும் மழையை விட இந்த மழையைத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. செங்குத்தான சரிவில், மண் குறைந்து பாறை மிகுந்த இடத்தில் விழும் மழை நிலத்துக்குள் இறங்க வழியில்லை. நூறு சிற்றோடைகளில் வழிந்து ஒரே பள்ளத்தில் வந்து சேர்கிறது. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்துவிடும்.

மாங்கேணி ஓடையை நாங்கள் அடைந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. தண்ணீர் காலையில் இருந்தது போலவே கணுக்காலளவுதான். முன்னால் சென்ற பத்துப் பதினைந்து பேர் மறுகரை ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் செம்பை எடுத்தார். கரையோரமாகக் குனிந்து முகந்தவர், “என்னய்யா, தண்ணி கலங்கலா இருக்கு” என்று அதைக் கொட்டிவிட்டு, நடுவில் தெளிவாக இருக்கும் என்று எண்ணி, ஓடையின் மையத்தில் இருந்த தட்டைப் பாறைமேல் ஏறிக் குனிந்தார். நான் கரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் சுமையுடன் இறங்கி வந்த ஒரு பெரியவர், தலையில் இருந்த மூட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டு, “ஏத்தா, மேல ஏறு! கரைக்கு வா, ஓடியா!” என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார். தாணிப்பாறையில் வாழும் பளியர் இனத்தவர் அவர். அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாரே தவிர, நகரவில்லை. எதற்காகக் கத்துகிறார் என்று விளங்காத திகைப்பு. நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் காத்திருக்கவில்லை. நான்கே எட்டில் பாறைமேல் தாவி, அம்மாவின் மேற்கையைப் பற்றி இழுத்தார். செம்பு நழுவிப் பாறையில் ணங்கென்று விழுந்தது. அதை எடுக்க அம்மா மீண்டும் குனிந்தார். பெரியவர் விடவில்லை. இடுப்போடு அணைத்துத் தூக்காத குறையாகக் கரைக்குக் கொண்டுவந்தார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன்.

முதலில் வந்தது காற்று. ஓடையின் பள்ளத்தோடு, மேலிருந்து, ஈர மண் வாசனையுடன் குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடித்தது. அதன் பிறகு ஓர் ஓசை. தண்ணீரின் சலசலப்பு அன்று. கருங்கல் ஜல்லியை லாரியிலிருந்து கொட்டுவது போன்ற, கல்லோடு கல் மோதும் ஓசை. அடுத்த கணம், வளைவுக்கு அப்பாலிருந்து செம்மண் நிறத்தில், நுரையும் சருகும் முறிந்த கிளைகளுமாக, இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் போல வெள்ளம் திரும்பி வந்தது. அம்மா நின்றிருந்த தட்டைப் பாறை என் கண் முன்னால் மூழ்கியது. பெரியவர் குரல் கொடுத்த நொடிக்கும் பாறை மறைந்த நொடிக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது.

அம்மா அழவில்லை. நடுங்கும் விரல்களால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நமச்சிவாய, நமச்சிவாய” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானோ அந்த ஐந்தெழுத்தைக்கூடச் சொல்ல முடியாமல், நா வறண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கூழாங்கற்களை எண்ணிய இடத்தில் ஒரு முழு மரத்தின் அடித்தூர் உருண்டு போயிற்று. விரைந்து ஓடும் தண்ணீர் அரை அடி உயரம் இருந்தாலே வளர்ந்த மனிதரின் காலை வாரிவிடும் என்பார்கள். எங்கள் முன்னால் ஓடியது அதைப் போலப் பல மடங்கு.

எங்களைப் போல இந்தக் கரையில் அகப்பட்டவர்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து முப்பது பேருக்கு மேல் ஆனோம். இருட்டத் தொடங்கியது. கைப்பேசியில் சிக்னல் கிடைக்கவில்லை. இளைஞர்கள் இருவர், மேலே சற்றுக் குறுகலான இடம் இருக்கிறது, தாவிவிடலாம் என்று கிளம்பினார்கள். பெரியவர் அவர்கள் முன்னால் போய் நின்றுகொண்டு, “தண்ணி வந்த வேகத்துல வடிஞ்சிரும் சாமி. நீங்கதான் அதுவரைக்கும் பொறுக்கணும்” என்றார். அவர் உரக்கப் பேசவில்லை. ஆனாலும் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மாவைக் கூப்பிடும் முன் அவர் எதைப் பார்த்தார் என்று கேட்டேன். தண்ணீர் கலங்கியதை அம்மாவே பார்த்துவிட்டார். ஆனால் அதைக் கண்டு நடுவுக்குப் போனார், அதுதான் பிழை என்றார். அத்துடன் பச்சை இலைகள் காம்போடும் சிம்போடும் மிதந்து வந்தனவாம். காய்ந்த சருகு வந்தால் காற்று உதிர்த்தது என்று விட்டுவிடலாம். பச்சை இலை கொத்தாக வந்தால் மேலே மழை கிளையை முறித்திருக்கிறது என்று அர்த்தம் என்றார். நானும் அந்த இலைகளைப் பார்த்தேன். என் கண்ணில் பட்டதே தவிர, கருத்தில் படவில்லை.

அந்த இரண்டரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். கரடியும் காட்டெருமையும் உலவும் காடு அது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட வனப்பகுதிக்குள் இருக்கும் மலை. புதரில் ஓர் அசைவு கேட்டாலும் குழந்தைகள் தாய்மாரோடு ஒட்டிக்கொண்டார்கள். சாத்தூரிலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர் தம்மிடம் இருந்த பிரசாதச் சோற்றைக் கையளவாக உருட்டி எல்லாருக்கும் கொடுத்தார். அன்னாபிஷேகத்து அன்னம், அந்த இருட்டில், அந்த இரைச்சலின் ஓரத்தில். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கோயில்களில் பிரசாதம் வாங்கியிருக்கிறேன். கண் கலங்கி உண்டது அதை ஒன்றைத்தான். யாரோ ஒருவர் “சுந்தர மகாலிங்கத்துக்கு” என்று தொடங்க, “அரோகரா” என்று முப்பது குரல்களும் சேர்ந்து சொன்னபோது ஓடையின் இரைச்சல் ஒரு கணம் கேட்கவில்லை.

ஏழரை மணி அளவில் மறுகரையில் டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தன. வனத்துறையினரும் தீயணைப்பு வீரர்களும் வந்திருந்தார்கள். மேகம் விலகி நிலவும் வந்துவிட்டிருந்தது. பெரியவர் சொன்னபடியே தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. இரு கரை மரங்களிலும் கயிற்றைக் கட்டி, நடுவே ஆள் நிறுத்தி, ஒவ்வொருவராகக் கடத்தினார்கள். பையை இரு தோளிலும் மாட்டாமல் ஒரு தோளில் தொங்கவிடச் சொன்னார்கள். தவறி விழுந்தால் உடனே உதறிவிட வேண்டும், இல்லையென்றால் பையே ஆளை அமிழ்த்திவிடும் என்றார்கள். அம்மாவின் முறை வந்தபோது, ஓடை நடுவே கயிற்றைப் பிடித்து நின்றவரின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. காலையில் வாயிலில் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்ற அதே இளம் வனக்காவலர். “மெல்ல வாங்கம்மா, என் தோளைப் பிடிச்சுக்கோங்க” என்று அவர் சொன்னபோது, எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கரையேறியதும் அவர் கைகளைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் காலையில் நான் பேசியது நினைவிலேயே இல்லை.

அடிவாரத்தில் பெரியவரிடம் சட்டைப்பையில் இருந்த பணம் முழுவதையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மூட்டைக்குரியவர் கூலி கொடுத்துவிட்டார் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, “வெத்தலை இருந்தா ரெண்டு குடுத்தா” என்று கேட்டார். அம்மா தம் சுருக்குப்பையை அப்படியே அவர் கையில் வைத்துவிட்டு, யாரும் எதிர்பாராத வகையில் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியவர் பதறிப் பின்வாங்கி, மலையின் பக்கம் கையைக் காட்டினார்.

மறு ஆண்டும் ஐப்பசிக்குப் போனோம். அம்மா புதுச் செம்பு வாங்கவில்லை. மாங்கேணி ஓடை அன்றும் கணுக்காலளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கரையிலேயே நின்று, தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். மிதந்து வரும் இலைகளைப் பார்த்தார். மேலே முகடுகளைப் பார்த்தார். அதன் பிறகுதான் கும்பிட்டுவிட்டுக் காலை நனைத்தார்.