கிளிநொச்சியில் ஒரு குறும்படம்: தொடர்ச்சி பார்க்கப் பழகிய விதம்

எங்கள் படத்தில் இரண்டே பேர்: கிணற்றடியோடு வாழும் ஓர் அம்மம்மா, கொழும்பிலிருந்து லீவுக்கு வந்த பேத்தி. கதை ஒரே காலையில் நடந்து முடிகிறது. படப்பிடிப்போ சித்திரை விடுமுறை முழுக்க இழுபட்டது. கமரா இரவல், நடிக்க வந்த அம்மாவுக்கு வீட்டு வேலை, எங்களுக்கு ரியூசன். வெவ்வேறு நாட்களில் எடுத்ததை ஒரே காலையென்று பார்ப்பவர் நம்பவேண்டும். அந்தத் தொடர்ச்சியைப் பார்க்கிற கொப்பி என் கையில் வந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த அண்ணா ஒருவர்தான் வழிகாட்டினார். கதையைத் தொடமுன் ஒரு பயிற்சி தந்தார். ஒருவர் படலையைத் திறந்து வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, செம்பில் தண்ணீர் குடிக்கிறார். வசனம் இல்லை. தூரத்திலிருந்து எடுக்கும்போதும் கிட்ட எடுக்கும்போதும் செம்பைத் தூக்குவது தொடக்கம் வைப்பது வரை முழுதாகச் செய்விக்கச் சொன்னார். அப்போதுதான் கை பாதி உயர்ந்த இடத்தில் வெட்டி ஒட்டலாம். கண் கையோடு போய்விடும், வெட்டு தெரியாது. ஒன்றில் வலக்கை, மற்றதில் இடக்கை என்றால் அந்த வெட்டு கிடையாது.

இருவர் பேசும் காட்சிக்கு, ஒருவரிலிருந்து மற்றவர் வரை மண்ணில் தடியால் கோடு கீறி, கமராவை அதன் ஒரு பக்கத்திலேயே வைத்தோம். கோட்டைத் தாண்டினால், எதிரெதிரே நிற்பவர்கள் திரையில் ஒரே பக்கம் பார்ப்பார்கள்.

தொடர்ச்சி என்றால் உடுப்பும் காப்பும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் முதலில் எழுதியது கமராவின் எண்களை. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வைட் பலன்ஸை ஓட்டோவில் விட்டால், எங்கள் செம்மண் முற்றம் படத்தை நிறைக்கும்போது கமரா நிறத்தை நீலப் பக்கம் இழுக்கும். வாழைகள் உள்ளே வந்தால் இன்னொரு பக்கம் போகும். ஒரே ஆளின் முகம் ஷொட்டுக்கு ஷொட்டு மாறும். அதனால் வெளியே எடுத்ததெல்லாம் பகல் வெளிச்சத்துக்குரிய 5600 கெல்வினில் பூட்டி வைத்தோம். கமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எஃப் 3.5இல் வைத்து சூம் செய்தால் அப்பர்ச்சர் (ஒளி புகும் துவாரம், எண் கூடக்கூட அது சிறுக்கும்) தானாக 5.6க்குச் சுருங்கி, படம் இருளும். எனவே 5.6க்குக் கீழே போவதில்லை என்று முடிவெடுத்தோம். வினாடிக்கு 25 பிரேம், ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் திறந்திருப்பது 1/50 வினாடி. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் வீட்டு லைற்றும் இந்த வேகத்தில் துடிக்காது. ஆனால் நல்ல வெயிலில், ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 100க்குக் குறைத்தாலும் எஃப் 22 வரை மூடவேண்டி வரும், படத்தின் கூர்மை போய்விடும். எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டும் உள்ளே விடும் என்டி பில்டர் போட்டதும் எஃப் 8க்கு வந்தோம்.

சித்திரையில் இங்கே வெயில் தனிப் பாடம். வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு நேரே நிற்கும். கண்குழிகள் கறுத்து, செம்மண்ணில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் நாடிக்குக் கீழே சிவப்பாக ஏறும். முற்றம் முழுதும் தெரிகிற ஷொட்டுகளை ஒன்பது மணிக்கு முன் முடித்தோம். அதற்குப் பிறகு மாமர நிழலில் கிட்ட ஷொட்டுகள் மட்டும், பக்கத்தில் வெள்ளை ரெஜிபோம் அட்டையைப் பிடித்தபடி. கதை காலையில் நடப்பதால் பின்னேரத்தில் வெளியே எடுக்கவே இல்லை. நிழல் மறுபக்கம் விழுந்துவிடும், இந்தப் பக்கத்துச் சனம் அதை உடனே பிடித்துவிடும்.

எனக்குப் பெரிய ஆசிரியை நடித்த அம்மாதான். அவ வெற்றிலை போடுவா. கதையில் அம்மம்மா வெற்றிலை போடுவது நடுவில் ஓரிடத்தில். “பிள்ளை, போட்டால் வாய் சிவந்திடும், கழுவினாலும் லேசில போகாது. போடாத காட்சியெல்லாத்தையும் முதல்ல எடுங்கோ,” என்றா. படப்பிடிப்பு அட்டவணையையே அந்த ஒரு வாய் வெற்றிலையைச் சுற்றித் திருப்பி எழுதினேன். முற்றத்தைப் பற்றியும் அவ சொன்னதுதான். விடிய ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டினால் மண்ணில் வரிவரியாகத் தடம் இருக்கும். முதல் ஷொட்டில் அந்த வரிகள் தெரிகின்றன. பேத்தி நடந்த பிறகு வரிக்கு மேல் செருப்புத் தடம் இருக்கவேண்டும். எங்கள் காலடி எதுவும் இருக்கக்கூடாது. அதனால் ஒவ்வொரு ஷொட் முடிவிலும் யாரையும் அசையவிடாமல் போனில் படமெடுத்தேன்: முற்றம், கைகள், வாளிக் கயிறு கிடக்கும் விதம். அடுத்த நாள் அதே பக்கமாக, அதே அகலத்தில் அம்மா கூட்டித் தந்தா. அவ்வளவு அக்கறை. படத்தில் அவவின் பெயர் முதலில் வருவது அதற்காகவும்தான்.

ஒரு பின்னேரம் இடிமுழக்கத்தோடு மழை கொட்டியது. நனைந்த செம்மண் கறுத்து இறுகியது, முந்தைய நாள் மண்ணோடு ஒட்டாது. மண் காயும்வரை குசினிக் காட்சிகளை எடுத்தோம்.

எடிட்டிங்கில் கொப்பி இல்லாமல் ஒரு மணித்தியாலம்கூட நகரவில்லை. ஒரே ஷொட்டைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் எந்த ரேக் நல்லது, எந்தச் சொல்லில் செம்பு கீழே போனது எல்லாம் அதில் இருந்தது. ஒலிக்கு அண்ணா சொல்லித் தந்தபடி ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்து வைத்திருந்தோம். வெட்டுகளின் கீழே அதை நீளமாகப் போட்டதும் ஏ9இல் போகும் பஸ் இரைச்சல் ஷொட்டுக்கு ஷொட்டு அறுபடுவது மறைந்தது. அடுத்த படத்தில் கமராவைப் பிடிக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். கொப்பியை ஒரு தங்கச்சியிடம் கொடுக்கிறேன், இப்போதே ஒத்திகைக்கு வந்து எந்தக் கை, எந்தச் சொல் என்று எழுதத் தொடங்கிவிட்டா.