ட்ரியர் நகரில் தலை வெட்டப்பட்ட ஆயர்

ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுரிமை கிடைத்து எண்பது ஆண்டுகள்கூட நிறைவடையாத காலத்தில், 385ஆம் ஆண்டு வாக்கில், ஸ்பெயினின் ஆவிலா நகர ஆயர் (பிஷப்) பிரிசில்லியன், இன்றைய ஜெர்மனியிலுள்ள ட்ரியர் நகரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு எதிராகப் பேரரசர் மாக்சிமுஸை முதலில் நாடியவரும் ஓர் ஆயரே. இத்தாசியுஸ் என்பது அவர் பெயர்.

கடும் நோன்பையும் துறவொழுக்கத்தையும் வலியுறுத்திய பிரிசில்லியன், திருச்சபை ஏற்காத நூல்களையும் வாசிக்கலாம் என்றார். அவருடைய கூட்டங்களில் பெண்களும் பங்கேற்றனர். 380இல் சரகோசாவில் கூடிய ஆயர் மன்றம் இத்தகைய வழக்கங்களைக் கண்டித்தது. ஆனால் அவரைக் கொல்வதற்குத் தப்பறைக் கொள்கை, அதாவது திருச்சபையின் போதனைக்கு மாறான கொள்கை, என்ற குற்றச்சாட்டு போதவில்லை. சட்டப்படி மரண தண்டனைக்குரிய சூனியக் குற்றம் சுமத்தப்பட்டது. இரவில் பெண்களோடு கூடியதாகவும் ஆடையின்றி ஜெபித்ததாகவும் சித்திரவதையின் வழியே பெறப்பட்ட வாக்குமூலத்தைச் சான்றென்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 1885இல் வூர்ஸ்பர்க் நகரில் கண்டெடுக்கப்பட்டு, அவருடையவை என்றோ அவர் வட்டத்தினருடையவை என்றோ கருதப்படும் கட்டுரைகள், அவர்மீது சாட்டப்பட்ட மானிக்கேயக் கொள்கையை (உலகை நன்மை, தீமை என்னும் இரு சக்திகளின் போராகக் காணும் கொள்கையை) வன்மையாகக் கண்டிக்கின்றன.

அவரோடு கவிஞர் லத்ரோனியானுஸும், போர்தோ நகரச் சொற்பொழிவாளர் ஒருவரின் விதவையான யூக்ரோசியாவும் கொல்லப்பட்டனர். அதே போர்தோவில் ஊர்பிகா என்ற பெண்ணை, விசாரணை ஏதுமின்றி, கூட்டம் கல்லால் அடித்தே கொன்றது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது அவருடைய சாவுதான். பிரிசில்லியனைச் சற்றும் ஆதரிக்காத அக்கால வரலாற்றாசிரியர் சுல்பீசியுஸ் செவேருஸே, நோன்பிருப்பவர்களையும் வாசிப்பில் ஈடுபடுபவர்களையும் இத்தாசியுஸ் சந்தேகித்தார் என்றும், வெளிறிய முகத்தையும் உடுத்திய உடையையும் வைத்தே தப்பறையாளர் யாரென்று தீர்மானிக்கப்பட்டது என்றும் எழுதுகிறார்.

தூர் நகர ஆயர் புனித மார்ட்டின், திருச்சபையிலிருந்து விலக்குவதே போதும், இரத்தம் சிந்த வேண்டாம் என்று மன்றாடினார். மாக்சிமுஸ் வாக்களித்தார், மார்ட்டின் ஊர் திரும்பியதும் அதை மீறினார். பின்னர் ஸ்பெயினுக்குப் படை அதிகாரிகளை அனுப்பும் திட்டத்தைத் தடுப்பதற்காகவே, குற்றம் சாட்டிய ஆயர்களோடு மார்ட்டின் ஒருமுறை நற்கருணை வழிபாட்டில் பங்கேற்று உறவு கொண்டார். அந்த வேதனையால் இறுதிவரை எந்த ஆயர் மன்றத்திலும் அவர் கலந்துகொள்ளவில்லை. மிலான் ஆயர் புனித அம்புரோசியாரோ அவர்களோடு உறவு கொள்ளவே மறுத்துவிட்டார்.

இத்தாசியுஸ் பின்னர் பதவியை இழந்தார். பிரிசில்லியனின் உடலை ஸ்பெயினுக்குக் கொண்டுசென்ற சீடர்கள் அவரை மறைசாட்சியாகப் போற்றினர். ஆறாம் நூற்றாண்டில், இன்றைய போர்ச்சுகலிலுள்ள பிராகாவில் கூடிய ஆயர் மன்றமும் அவருடைய வழியினரைக் கண்டித்துத் தீர்மானங்கள் இயற்ற வேண்டியிருந்தது.