பயனர் குழுவுக்குக் கூப்பிட்டால், போவதற்கு முன்பே கேட்க வேண்டியவை

குடும்பத்தில் ஒருவர் இறந்தால் ஓய்வூதியம், சொத்து வரி, வாக்காளர் பட்டியல் என்று துறை துறையாக அலைய வேண்டாம், ஒரே விண்ணப்பம் போதும் என்கிற அரசு இணையச் சேவை. அதன் வடிவமைப்புக்குக் கருத்துச் சொல்ல, பயனர் குழு என்று பொதுமக்களையும் கூப்பிட்டார்கள். பெயர் கொடுத்தேன், சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டம் வீண். திரைகளை முடித்துவிட்டு, பொத்தான் எந்த நிறத்தில் இருக்கலாம் என்று கேட்டார்கள். ஒரே இறப்புச் சான்றிதழை ஏன் மூன்று இடத்தில் பதிவேற்றச் சொல்கிறீர்கள் என்றேன். "அது வேற துறை சார், எங்க கையில இல்ல." அந்தத் துறையிலிருந்து யாருமே வரவில்லை. எஸ்தோனியாவில் 2001-லிருந்தே எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு வழியாகத் துறைகள் தங்களுக்குள் தரவை வாங்கிக்கொள்கின்றன என்றேன். குறித்துக்கொள்ளக்கூட இல்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

அதனால், போவதற்கு முன் இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இன்னும் எதையெல்லாம் மாற்ற முடியும்? தரவை வைத்திருக்கும் துறைகள் எல்லாம் வருகின்றனவா?

அடுத்த முறை, நாங்கள் அடம்பிடித்ததால், அவரவர் போனிலேயே சோதித்தோம். கணவரை இழந்த ஒரு அம்மா விண்ணப்பத்தைத் திறந்தார். ஓடிபி இறந்தவரின் எண்ணுக்குப் போனது! "அந்த நம்பரைத்தான் நிறுத்திட்டோமே" என்றார். மாதக்கணக்கில் வேலை பார்த்த குழுவில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. வேறு எண்ணைப் பதிந்து கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைத் தேடி, சான்றிதழ் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டுவதற்குள் நேரம் முடிந்து பக்கம் மூடிக்கொண்டது. நிரப்பியதெல்லாம் போச்சு.

இந்த இடத்தில் கெஞ்ச வேண்டாம், விதியைக் காட்டுங்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்று வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில் 2.2.1-ஆம் விதி இருக்கிறது. பயனரே நேரத்தை நீட்டித்துக்கொள்ளும் முறையென்றால், நேரம் முடிவதற்கு முன்பே எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி தர வேண்டும். போனிலேயே திறந்து வாசித்துக் காட்டினேன். அடுத்த பதிப்பில் எச்சரிக்கை வந்துவிட்டது, நிரப்பியதும் சேமிப்பில் நிற்கிறது. ஓடிபி இப்போது விண்ணப்பிப்பவரின் எண்ணுக்கே போகிறது. அந்த அம்மாவே மறுபடி சோதித்து, கடைசிப் பக்கம் வரை தனியாகப் போனார். அதைப் பார்த்த சந்தோஷம் பெரிது.

கூட்டக் குறிப்பை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். யார் சொன்னது, என்ன முடிவு, எப்போதைக்குள் என்று மூன்றும் அதில் இருக்கட்டும். சான்றிதழ் பதிவேற்றம் மூன்றிலிருந்து இரண்டாகத்தான் குறைந்திருக்கிறது. மிச்சத்துக்காக, வராத அந்தத் துறையையும் அழைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம், எல்லோரும் கையெழுத்துப் போட்டு.