செந்தூல் வீட்டுக் கம்பளமும் தீபாவளிக் கறியும்

20 அக்டோபர் 2025, திங்கள்

தீபாவளி. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்குக் காலையில் வரத் தொடங்கிய கூட்டம் இரவுவரை ஓயவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டு மக்சிக்கின் (மலாய்க்கார அம்மாவின்) பேரன் தட்டோடு தடுக்கி விழுந்தான். பையனுக்கு அடி இல்லை, கோழிக்கறி முழுவதும் கம்பளத்தில். மாமனார் அந்தக் காலத்தில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய, வட இந்தியாவின் பதோஹி ஊர்க் கம்பளம், அசல் கம்பளி. மக்சிக் முகம் வாடிப்போனார். அவரைச் சமாதானப்படுத்துவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

கரண்டியால் கறியை வழித்தெடுத்து, வெள்ளைத் துண்டால் ஒற்றினேன். சாயத்துண்டு வேண்டாம், அதன் நிறமும் சேர்ந்து இறங்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும், இல்லாவிட்டால் கறை அகன்றுகொண்டே போகும். தேய்த்தால் நூலும் பிரியும், எண்ணெயும் அடிவரை இறங்கும். மேலே சோளமாவைக் (கார்ன்ஃப்ளோர்) கொட்டி எண்ணெயை உறிஞ்ச விட்டுவிட்டு, அடுத்து வந்தவர்களுக்கு முறுக்குத் தட்டை நீட்டினேன்.

21 அக்டோபர், செவ்வாய்

காலையில் மாவை வேக்கும் (தூசி உறிஞ்சும் கருவி) போட்டு எடுத்தேன். எண்ணெய்ப் பிசுபிசுப்பு பாதி போயிருந்தது. நான் கடைக்குப் போய் வருவதற்குள் தம்பி நல்ல மனதோடு துணி சோப்புக் கட்டியைப் போட்டுத் தேய்த்திருக்கிறான். மஞ்சள் கறை செக்கச் செவேலென்று மாறிவிட்டது. "அக்கா, ரத்தம் மாதிரி ஆயிடுச்சுக்கா!" என்று பதறினான். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஆரத்தி கரைச்சிட்டீங்களா?" என்றார்.

அத்தை சொன்னதுதான் சரியான விளக்கம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதே, அதேதான். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது) பட்டால் அது சிவக்கும். கட்டி சோப்பு காரம், சமையல் சோடாவும் காரம். எந்தக் கறையானாலும் சமையல் சோடா போடு என்று வீடியோக்களில் சொல்கிறவர்கள் கறி சமைக்காத வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும்.

காரத்தை முறிக்க, ஒரு பங்கு வெள்ளை வினிகரை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து, முதலில் கம்பளத்தின் மூலையில் ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கவில்லை. பிறகு கறையில் ஒற்றினேன். சிவப்பு மறைந்து பழைய மஞ்சள் திரும்பியது. தம்பிக்கு உயிர் வந்தது. ஆனால் இதனால் கறை போய்விடவில்லை, நிறம்தான் மாறியிருக்கிறது.

22 அக்டோபர், புதன்

குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் எண்ணெயை எடுத்தால்தான் மஞ்சளும் கூடவே வரும். கம்பளித் துணிக்கென்று விற்கும் காரமில்லாத திரவ சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளிகள் விட்டு, ஒற்றி ஒற்றி எடுத்தேன். பிறகு வெறும் தண்ணீர். சோப்பு மிச்சம் தங்கினால் அந்த இடம்தான் முதலில் அழுக்காகும்.

வீட்டுக்காரர் குளோரின் பிளீச்சைக் கையில் எடுத்தார். பிடுங்கி வைத்துவிட்டேன். கம்பளி என்பது ஆட்டு முடி, புரதம். பிளீச் அதைக் கரைத்தே விடும். என்சைம் கலந்த சலவைத்தூளும் ஆகாது, ரத்தக் கறையின் புரதத்தை உடைக்கிற அதே என்சைம் கம்பளியையும் அரிக்கும்.

உங்கள் வீட்டுக் கம்பளம் எந்த ரகம் என்று தெரியாவிட்டால், அடியிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து, சிங்க்கில் வைத்து நெருப்புக் காட்டிப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகி உருண்டையானால் பிளாஸ்டிக் இழை.

24 அக்டோபர், வெள்ளி

மேல்பக்கம் காய்ந்ததும் மஞ்சள் மறுபடி தலைகாட்டியது. அடியில் தங்கிய கறை, ஈரம் மேலேறும்போது திரி வழியாக எண்ணெய் ஏறுவதுபோலக் கூடவே ஏறிவிடுகிறது. லேசாக நனைத்து, தடித்த துண்டை மடித்து வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் விரித்து அரிசி மூட்டையை ஏற்றினேன். ராத்திரி முழுக்க இருக்கட்டும். ஏறுவது துண்டில் ஏறும்.

சின்ன அறையில் கிடக்கும் மலிவு கார்ப்பெட்டில் யாரோ தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கொட்டியிருப்பதை இன்றுதான் பார்த்தேன். பால் இருப்பதால் சுடுதண்ணீர் கூடாது, புரதம் இறுகிவிடும். குளிர்ந்த தண்ணீர், பிறகு சோப்பு, கடைசியில் தேயிலைச் சாயத்துக்கு வினிகர் தண்ணீர். பிளாஸ்டிக் இழை என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது.

26 அக்டோபர், ஞாயிறு

மிச்ச மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். மஞ்சள் பட்ட வேட்டியை அம்மா வெயிலில் போடுவது இதற்குத்தான். ஆனால் கம்பளத்தின் சாயமும் வெளுக்கும் என்பதால், கறை பட்ட இடத்தை மட்டும் விட்டு மற்றதைப் பழைய கைலியால் மூடி வராந்தாவில் போட்டேன்.

சிக்கல் கேஎல் (கோலாலம்பூர்) வானம். இந்த மாதங்களில் காலையில் சுள்ளென்று அடிக்கும், பிற்பகலில் இடி இடித்துக் கொட்டும். மத்தியானச் சோற்றுக்கு முன்பே உள்ளே இழுத்துவிடுகிறேன். ஈரக் கம்பளத்தை ஓடுபோட்ட தரையில் விரித்தால் அடியில் காற்றே போகாது. ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அந்த நாற்றம் கறையைவிட மோசம். இரண்டு நாற்காலிகளின் முதுகில் போட்டு, கீழே மேசைக் காற்றாடி, ராத்திரியில் ஏர்கோனை ஈரம் உறிஞ்சும் நிலையில் வைத்தேன். கரண்ட் பில் வரும்போது வீட்டுக்காரர் பேசிக்கொள்ளட்டும்.

கம்பளம் கழுவும் கடைக்குக் கொடுப்பவர்கள் விலையை மட்டும் கேட்காமல், எப்படிக் காயவைக்கிறார்கள் என்று கேட்பது நல்லது. சுழற்றித் தண்ணீரை எடுத்து, தனி அறையில் தொங்கவிடுகிறவர்களாக இருந்தால் கொடுக்கலாம்.

1 நவம்பர், சனி

கறை இருந்த இடத்தைத் தெரிந்தவர்கள் தேடினால் லேசாக ஒரு வெளிர் மஞ்சள் தெரியும். அத்தைக்குத் தெரியவில்லை. தம்பிக்குத் தெரிகிறது, பாவம். இதற்குமேல் கைவைத்தால் கம்பளத்தின் சாயம்தான் போகும் என்பதால் நிறுத்திவிட்டேன்.

நவம்பர் மழை முடியும்வரை கூடத்தில் விரிக்கப்போவதில்லை. ஈரக்காற்றில் தூசி உண்ணியும் பெருகும், அத்தைக்குத் தும்மல் வரும். அடிப்பக்கத்தையும் ஒரு தடவை வேக்கும் போட்டு, மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்திப் போர்வையில் சுற்றி அலமாரிமேல் ஏற்றியாயிற்று. பிளாஸ்டிக் உறையில் போட்டால் உள்ளே புழுங்கும். பொங்கல் வாரத்தில் இறக்கி, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.